மறுபடியும் தூண்டில்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போகும் முன்

பல வருடம் கழித்துத் தூண்டிலைக் கையில் எடுப்பவர், முதல் நாளே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். முடிச்சு மறந்திருக்கும், நரம்பு, அதாவது தூண்டில் இழை, இற்றுப்போயிருக்கும், அதைச் சுற்றிவைக்கும் ரீல் இறுகியிருக்கும். பெரியவர் குனிந்து சிக்கெடுத்துக்கொண்டிருக்க, பிள்ளை தண்ணீரில் கல் எறியத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் நீங்கள் மட்டும் ஒரு காலை போய்க் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பிள்ளையோடு போங்கள். அன்று உங்களுக்குத் தூண்டில் கிடையாது. தன் தக்கையையும் பார்த்துக்கொண்டு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்க எவராலும் முடியாது.

இன்னொன்றையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள்: பெரிய மீனுக்குப் போக வேண்டாம். மூன்று மணி நேரம் காத்திருந்து கிடைக்கும் ஒரு பெரிய கெண்டையைவிட, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொத்தும் விரல் நீள மீன்தான் பிள்ளையைக் கரையில் உட்கார வைக்கும். கழி, முள், இரை, இடம் எல்லாவற்றையும் சின்ன மீனை மனதில் வைத்தே தேர்ந்தெடுங்கள்.

போகும் நீர்நிலையில் மீன் பிடிக்க அனுமதியோ உரிமமோ வேண்டுமா, தடைக்காலம் உண்டா, எந்த அளவுக்குக் கீழ் உள்ள மீனைத் திருப்பி விட வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடைசியாகப் போன காலத்து விதி இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

பழைய சாமான்களைச் சோதிப்பது

ரீலில் இருக்கும் பழைய நைலான் நரம்பைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, முழுக்கக் கழற்றிவிடுங்கள். வெயிலும் சூடும் பட்ட நைலான், பார்க்க நன்றாக இருந்தாலும் முடிச்சு விழும் இடத்தில் பட்டென்று அறும். சுருண்டே கிடந்து பழகியதால் வீசும்போது கம்பிச்சுருள்போல எழும்பி வளையங்களில் மாட்டும். பின்னல் நரம்பு அதிக நாள் உழைக்கும், ஆனால் பிள்ளையின் விரலை அறுத்துவிடும். இந்த வேலைக்கு அது வேண்டாம்.

கழியில் முதலில் பார்க்க வேண்டியது நரம்பு ஓடும் வளையங்கள். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் சுற்றித் தேயுங்கள். இழை மாட்டினால் அங்கே கீறலோ உடைசலோ இருக்கிறது. அந்த வளையம் புது நரம்பை ஒரே நாளில் அறுத்துத் தீர்க்கும், மாற்றிவிடுங்கள். கழியின் இணைப்பு தொளதொளத்தால் உள்ளே போகும் பகுதியில் மெழுகுவத்தியை இலேசாகத் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். பிறகு கழியை மெதுவாக வளைத்துக் கேளுங்கள். நொறுக் என்று சத்தம் வந்தால் கார்பனுக்குள் விரிசல். அதைப் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. உடையும்போது சிராய்கள் கையில் ஏறும்.

ரீலின் கைப்பிடியைச் சுற்றும்போது நறநறவென்றால் மணலும் காய்ந்த கிரீஸும் சேர்ந்திருக்கின்றன. நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கழற்றித் துடைத்து, பல்சக்கரத்துக்குக் கொஞ்சம் கிரீஸ், கைப்பிடி அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போடுங்கள். நரம்பு திரும்பும் இடத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும். பலரும் விட்டுவிடும் இடம் அதுதான். அது சுழலாமல் இறுகிப்போயிருந்தால் நரம்பு தேயும், முறுக்கும் ஏறும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் உருட்டி இளக்குங்கள்.

அடுத்தது டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு. இறுக்கிய நிலையிலேயே வருடக்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே உள்ள வட்டத் தகடுகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். திருகை இளக்கி நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். விட்டுவிட்டுத் துள்ளித் துள்ளி வந்தால் தகடுகளை எடுத்துத் துடைத்துப் போடுங்கள், நசுங்கியிருந்தால் மாற்றுங்கள்.

துரு ஏறிய முள் எல்லாம் குப்பைக்கு. மற்றவற்றின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இலேசாக இழுங்கள். நகத்தில் ஊன்றி நின்றால் கூர் இருக்கிறது, வழுக்கிப் போனால் மழுங்கிவிட்டது.

நரம்பு ஏற்றுவதும் டிராக் வைப்பதும்

உங்கள் ரீலுக்கு 0.20 முதல் 0.25 மி.மீ. நைலான் போதும், பெட்டியில் சுமார் 3 முதல் 5 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும். நரம்பின் நுனியை முதலில் வளையங்களின் வழியே கோத்து, ரீலின் கம்பி வளைவை, அதாவது நரம்பை ஸ்பூலில் சேர்க்கும் கம்பியைத் திறந்துவைத்து ஸ்பூலில் கட்டுங்கள். வளைவைத் திறக்க மறந்து கட்டிவிட்டால், சுற்றும்போது நரம்பு ஏறவே ஏறாது. புதுச் சுருளைத் தரையில் லேபிள் மேலே தெரியும்படி படுக்கவைத்து, ஈரத்துணியில் நரம்பை விரலிடுக்கில் பிடித்தபடி பத்துப் பதினைந்து சுற்று சுற்றிவிட்டு நிறுத்துங்கள். பிடியைத் தளர்த்தினால் நரம்பு தானாகவே ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறதா? அப்படியானால் சுருளைக் கவிழ்த்துப் போட்டுத் தொடருங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வந்ததும் போதும். விளிம்புவரை நிரப்பினால் வீசும்போது கொத்தாகச் சரிந்து சிக்காகும். குறைவாக ஏற்றினால் விளிம்பில் உரசி தூரம் போகாது.

டிராக்கை நரம்பின் தாங்கு பலத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வையுங்கள். 3 கிலோ நரம்பென்றால் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ இழுப்பில் அது விட்டுக்கொடுக்க வேண்டும். நரம்பின் நுனியில் ஒரு வில்தராசை மாட்டி இழுத்தால் துல்லியமாகத் தெரியும். டிராக் ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். மீன் வராது, ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் முறுக்குத்தான் ஏறும்.

பிள்ளைக்கு ரீல் வேண்டாம்

ரீல் இல்லாத வெறுங்கழிதான் முதல் தூண்டில். மூங்கிலோ, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கண்ணாடியிழைக் கழியோ எதுவானாலும் சரி, இலேசாக இருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு 2 முதல் 2.5 மீட்டர், பத்து வயதுக்கு 3 மீட்டர். ரீல் இருந்தால் பிள்ளை கைப்பிடியையே சுற்றிக்கொண்டிருக்கும், தக்கையைப் பார்க்காது. வெறுங்கழியில் மீன் கொத்துவதும் துள்ளுவதும் நேராகக் கைக்கு வருகிறது.

மூங்கில் என்றால் நரம்பை நுனியில் மட்டும் கட்டாமல், நடுக்கழியில் ஒரு கட்டுப் போட்டு அங்கிருந்து சுற்றிக்கொண்டுபோய் நுனியிலும் கட்டுங்கள். நுனி முறிந்தாலும் மீனோடு நரம்பு கையில் இருக்கும். நரம்பின் நீளம் கழியைவிட ஒரு சாண் குறைவாக இருக்கட்டும். கழியை நேரே நிமிர்த்தினால் முள் ஆடி வந்து பிள்ளையின் கைக்குத் தானாக எட்டும். நீளம் கூடினால் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் எட்டிப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முதன்மை நரம்பு 0.20 மி.மீ. அதன் கடைசியில் 0.16 மி.மீ. நரம்பில் 20 செ.மீ. நீளத் துண்டு, அதில்தான் முள். எங்காவது மாட்டி இழுக்கும்போது இந்த மெல்லிய துண்டே முதலில் அறும், தக்கை தப்பும். மீன் அறுத்துக்கொண்டு போனாலும் நீள நரம்பை இழுத்துக்கொண்டு திரியாது.

முள் 10 அல்லது 12 எண். எண் கூடக் கூட முள் சிறியது. முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் சின்னப் பல்லைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். பிறகு முனையைத் துணியில் குத்தி எடுங்கள். இழை மாட்டாமல் வந்தால் சரி. பிள்ளையோடு போகும்போது இதில் விலக்கே வேண்டாம். பல் நசுக்கிய முள், விரலில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வந்துவிடும். மீனின் வாயிலிருந்தும் நொடியில் கழலும். நரம்பு இறுக்கமாக இருக்கும்வரை மீன் தப்பவும் தப்பாது.

முடிச்சு

நரம்பின் நுனியை முள்ளின் காதுக்குள் விட்டு 10 செ.மீ. வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். அந்த நுனியை முதன்மை நரம்பின்மேல் ஐந்து அல்லது ஆறு சுற்று சுற்றுங்கள். காதை ஒட்டி ஒரு சின்னக் கண்ணி நிற்கும். நுனியை அதற்குள் விடுங்கள். அப்போது பக்கத்தில் பெரிய கண்ணி ஒன்று விழும். நுனியைத் திருப்பி அதற்குள்ளும் விடுங்கள். தண்ணீரில் நனைத்துவிட்டு, முதன்மை நரம்பை மெல்ல இழுத்து இறுக்குங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்கார வேண்டும். 2 மி.மீ. விட்டு நுனியை வெட்டுங்கள். நனைக்காமல் இறுக்கினால் உரசும் சூட்டில் நைலான் அந்த இடத்தில் பலம் இழந்துவிடும்.

பிள்ளைக்கு இதை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம். முள்ளுக்குப் பதில் ஒரு சாவி வளையம், நரம்புக்குப் பதில் தடித்த கயிறு. இரண்டு மூன்று மாலை போதும், கை பழகிவிடும். தான் போட்ட முடிச்சில் மீன் வந்ததென்றால் அந்தப் பிள்ளையை நீங்கள் அடுத்த முறை கூப்பிட வேண்டியதே இல்லை.

தக்கையும் ஈயமும் ஆழமும்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரிய உருண்டைத் தக்கையை வாங்குவார்கள், நன்றாகத் தெரிகிறது என்று. சின்ன மீன் அதை இழுக்கும்போது எதிர்ப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். கரையில் இருப்பவருக்குத் தக்கை ஆடியதே தெரியாது. 1 கிராம் அளவு ஈயம் தாங்கும் ஒல்லித் தக்கை எடுங்கள். நுனி மட்டும் ஒரு செ.மீ. தண்ணீருக்கு மேல் தெரியும்வரை வெட்டு விழுந்த சின்ன ஈயமணிகளை நரம்பில் கடித்துப் பிடிக்கும்படி மாட்டிக்கொண்டே போங்கள். பெரும்பகுதி மணிகள் தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவில். ஒரேயொரு மிகச் சின்ன மணி முள்ளுக்கு 15 செ.மீ. மேலே. அந்தக் கடைசி மணிதான் கொத்துவதை உடனே காட்டும்.

ஈயம் நஞ்சு. பல்லால் கடித்து மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. பிள்ளை அதைப் பார்த்துப் பழகக் கூடாது. குறடைப் பயன்படுத்துங்கள், ஏதும் சாப்பிடும் முன் கையைக் கழுவச் சொல்லுங்கள். தகரத்தில் செய்த மணி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இரை கோக்கும் முன் ஆழத்தை அளக்க வேண்டும். முள்ளில் ஒரு கனமான ஈயத்தைத் தற்காலிகமாக மாட்டி, மீன் பிடிக்கப்போகும் இடத்தில் இறக்குங்கள். தக்கை முழுகிப்போனால் ஆழம் அதிகம், தக்கையை நரம்பில் மேலே தள்ளுங்கள். படுத்துக் கிடந்தால் கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரியும்படி நின்றால் அதுதான் அந்த இடத்தின் ஆழம். அங்கிருந்து ஒரு சாண் குறைத்து, இரை அடிமண்ணுக்குச் சற்று மேலே நிற்கும்படி தொடங்குங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை. இரை மீனுக்கு ஒரு மீட்டர் மேலே தொங்கிக்கொண்டிருக்க, இந்தத் தண்ணீரில் மீனே இல்லை என்று கிளம்பிவிடுகிறார்கள்.

இரை

மண்புழுவுக்கு நிகர் இல்லை. ஈரமண்ணும் சருகும் போட்ட மூடி துளையிட்ட டப்பாவில், நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் அரைமணியில் செத்துக் கூழாகிவிடும். சின்ன மீனுக்கு முழுப் புழு வேண்டாம். 2 செ.மீ. துண்டை இரண்டு இடத்தில் குத்தி ஏற்றி, அரை செ.மீ. வால் மட்டும் துடிக்கும்படி விடுங்கள். நீளமாகத் தொங்கவிட்டால் மீன் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போகும். தக்கை ஆடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் மாட்டாது.

புழுவைத் தொடக் கூச்சப்படும் பிள்ளைக்கு மாவு. கோதுமை மாவில் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசையுங்கள். ஒரு சிட்டிகை பஞ்சை இழை இழையாகப் பிய்த்து அதிலேயே சேர்த்துப் பிசைந்தால் தண்ணீரில் கரையாமல் முள்ளைப் பிடித்துக்கொள்ளும். பட்டாணி அளவுக்குமேல் உருட்டாதீர்கள்.

மீனை அந்த இடத்துக்கு இழுக்க, ஈரமாக்கிய தவிடு ஒரு சிறு பிடி போதும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிட்டிகை. இந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். அள்ளி அள்ளிப் போட்டால் மீன் வயிறு நிறைந்து இரையைத் திரும்பியும் பார்க்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கே, எப்போது

விடிந்த முதல் இரண்டு மணி நேரமும் பொழுது சாயும் நேரமும் நல்லவை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். உச்சிவெயிலில் மீன் நிழலுக்கும் ஆழத்துக்கும் நீர் வந்து விழும் இடத்துக்கும் ஒதுங்கிவிடும். நாணல் ஓரம், தண்ணீருக்கு மேல் சாய்ந்த மரம், கரை திடீரென்று ஆழமாகும் விளிம்பு, வாய்க்கால் வந்து சேரும் முகம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். சின்ன மீன் கரையிலிருந்து மூன்று மீட்டருக்குள்ளேயே இருக்கும், வெறுங்கழிக்கு அந்த தூரம் எட்டும்.

சத்தம் போடாதே என்று பிள்ளையை அதட்ட வேண்டியதில்லை. பேச்சு தண்ணீருக்குள் அவ்வளவாக இறங்காது. கரையில் குதிப்பதும் ஓடுவதும்தான் மீனை விரட்டும். மீனின் உடம்பின் இரு பக்கத்திலும் ஓடும் கோடு அந்த அதிர்வை உணர்ந்துவிடும். நிழல் தண்ணீரில் விழாதபடி நிற்கவும் பழக்குங்கள்.

பிள்ளைக்குத் தொப்பியும் கண்ணாடியும் செருப்பல்லாத ஷூவும் கட்டாயம். முள் கண்ணில் படும் ஆபத்து வெயிலைவிடப் பெரியது. தண்ணீர் ஆழமென்றாலோ கரை சரிவென்றாலோ உயிர்காப்புச் சட்டை போட்டுவிட்டு, கை எட்டும் தூரத்திலேயே நில்லுங்கள். கார்பன் கழியில் மின்சாரம் பாயும். மேலே கம்பி போகும் இடத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருங்கள். இடி கேட்டால் உடனே மடக்கிக் கிளம்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி கழியும்வரை திரும்ப வேண்டாம்.

கரையில்

வலதுகையில் கழி, இடதுகையில் முள்ளுக்கு மேலே உள்ள ஈயமணியைப் பிடித்துக்கொண்டு நரம்பை இலேசாக இழுத்தபடி, கழியின் நுனியை முன்னே உயர்த்திக்கொண்டே இடதுகையை விட வேண்டும். முள் கீழாக ஆடிப்போய் விழும். தலைக்கு மேலே சுழற்றி வீசுவதைத் தொடக்கத்திலேயே அனுமதிக்காதீர்கள். இதைப் புல்வெளியில் முள் இல்லாமல், தரையில் ஒரு வட்டம் போட்டுப் பழக்கிவிட்டுக் கரைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது.

தக்கை நடுங்கும்போது பிள்ளை பதறித் தூக்கும். அது மீன் இரையைத் தொட்டுப் பார்க்கும் நேரம். தக்கை முழுகினாலோ ஒரு பக்கமாக நழுவினாலோதான் தூக்க வேண்டும். கையை முழுக்க வீசி இழுக்காமல் மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும். நீங்கள் "இப்போ தூக்கு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் பிள்ளை தக்கையை விட்டுவிட்டு உங்கள் வாயைப் பார்க்கத் தொடங்கும். இரண்டு முறை சொல்லுங்கள். பிறகு தப்பினாலும் தானே பார்த்துத் தூக்கட்டும். கழியை வாங்கி நீங்கள் இழுத்துக் கொடுத்த மீன், பிள்ளையின் மீன் ஆகாது.

ஒரு மணி நேரம் போதும். அரை மணியில் சலித்தால் அரை மணியே போதும். இன்னும் கொஞ்சம் என்று பிள்ளை கேட்கும்போதே மடக்கிவிடுவது நல்லது.

தக்கை முழுகுகிறது, ஆனால் ஒன்றும் மாட்டவில்லை என்றால் இரையைப் பாதியாக்குங்கள். அதுவும் பலிக்காவிட்டால் முள்ளை ஓர் எண் சிறிதாக்குங்கள். நகத்தில் வைத்துக் கூரையும் பாருங்கள். இருபது நிமிடம் ஒரு அசைவும் இல்லையென்றால் ஆழத்தை மாற்றுங்கள், பிறகு இடத்தை மாற்றுங்கள். நரம்பு அறுந்தால் நுனியைப் பாருங்கள். பன்றிவால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கிவிட்டது. அடுத்ததை நன்றாக நனைத்து இறுக்குங்கள். நேராக அறுந்திருந்தால் நரம்பு எங்கோ தேய்ந்திருக்கிறது, ஒரு மீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். முள் அடியில் மாட்டிக்கொண்டால் கழியை வளைத்து இழுக்காதீர்கள். விடுபடும் ஈயம் நேராக முகத்துக்கு வரும். பிள்ளையைப் பின்னால் நிறுத்தி, நரம்பை ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள். வெறுங்கையில் ஒருபோதும் சுற்றாதீர்கள்.

பல் உள்ள முள் ஆழமாக ஏறிவிட்டாலோ, கண்ணுக்குப் பக்கத்தில் குத்தினாலோ எடுக்க முயலாதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மீன் கைக்கு வந்ததும்

கையை முதலில் நனைக்க வேண்டும். மீனின் மேல் உள்ள வழவழப்புதான் அதைக் கிருமியிலிருந்து காக்கும் போர்வை. காய்ந்த கையும் துணியும் அதை உரித்துவிடும். ஜிலேபிக் கெண்டைக்கு முதுகில் வரிசையாக முள் உண்டு. தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாகக் கையைத் தடவிக்கொண்டு போனால் முட்கள் படிந்துவிடும். கெளுத்தி வகைகளுக்கு முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் இரு பக்கமும் ஒவ்வொன்று. தேளி மீனின் முள் குத்தினால் விஷம் ஏறிக் கடுமையாக வலிக்கும். இவற்றைப் பிள்ளை தொட வேண்டாம், நீங்களே கழற்றுங்கள்.

மெல்லிய இடுக்கியால் தூண்டில் முள்ளின் வளைவைப் பிடித்து, ஏறிய வழியே பின்னால் தள்ளி எடுங்கள். தொண்டைக்குள் விழுங்கியிருந்தால் தோண்டாதீர்கள். நரம்பை வாயை ஒட்டி வெட்டிவிட்டு விட்டால் மீன் பிழைக்க அதிக வாய்ப்புண்டு. மீன் வெளியே வந்ததும் பிள்ளையை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைக்கு மூச்சு முட்டும் முன் மீன் தண்ணீருக்குத் திரும்பியிருக்க வேண்டும். எறியாமல், தண்ணீருக்குள் கையில் படுக்கவைத்து, அது தானாக நீந்திப் போகும்வரை பிடித்திருக்கட்டும்.

வைத்துக்கொள்ளும் மீனைத் துடிக்க விடாதீர்கள். கண்ணுக்குச் சற்று மேலே தலையில் ஒரு கட்டையால் உறுதியாக ஓர் அடி அடித்தால் முடிந்துவிடும். பிள்ளை கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். ஒரு குளத்து மீனை உயிரோடு கொண்டுபோய் இன்னொரு குளத்தில் விடக் கூடாது. அங்கே உள்ள மீனுக்கு நோயோ போட்டியோ போய்ச் சேரும்.

வெட்டிய நரம்புத் துண்டுகளுக்கென்று ஒரு மூடிபோட்ட டப்பா வைத்து, அதன் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். நைலான் எளிதில் மக்குவதில்லை. பறவையின் காலில் சுற்றினால் கால் அழுகிப்போகும்.

ரீலுக்கு மாறும்போது

தானாக முடிச்சுப் போட்டு, இரை கோத்து, மீனையும் கழற்றத் தெரிந்த பிள்ளைக்கு ரீல் கொடுக்கலாம். பெரும்பாலும் எட்டு ஒன்பது வயதில் கை அதற்குத் தயாராகும். பொத்தானை அமுக்கி வீசும் மூடிய ரீலும் 1.5 மீட்டர் கழியும் எளிது. திறந்த ரீல் என்றால், வீசி முடித்ததும் கம்பி வளைவைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையாலேயே மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுப் பிறகு சுற்றப் பழக்குங்கள். ரீலில் வரும் சிக்குகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் தொளதொளவென்று ஏறிய ஒரு சுற்றிலிருந்துதான் தொடங்குகின்றன. வீட்டுக்கு வந்ததும் கழியையும் ரீலையும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, டிராக்கை முழுக்க இளக்கிவிட்டு எடுத்துவையுங்கள்.